பிள்ளை வரப்போகும் வீடு

எட்டு மாதக் கர்ப்பிணியான ஒரு சகோதரியை அண்மையில் சந்தித்தேன். 2010இல் சிறுமியாகத் தாயுடன் மீள்குடியேறியவர். தகரக் கூரையின் கீழ் ஒரே அறை. கணவருக்குக் கொழும்பில் மேசன் வேலை. "தொட்டில் வாங்கக் காசில்லை அக்கா" என்று குறைப்பட்டார். என் கண்ணில் பட்டதோ மூலையில் புகைந்த விறகடுப்பு. போன மாரியில் மூத்த பிள்ளை நெஞ்சுச்சளியுடன் ஆஸ்பத்திரியில் கிடந்ததாம்.

தொட்டில் இல்லாவிட்டால் பரவாயில்லை. தாய்க்கு அருகில் தனிப் பாயில் மல்லாக்காகக் கிடத்தி, நுளம்பு வலை போட்டால் போதும். பழைய நூல்சேலைகளைத் துவைத்து நல்ல வெயிலில் காயவிட்டு மடித்து வையுங்கள். ஆனால் விறகுப் புகை பச்சிளம் பிள்ளைக்கு நிமோனியா வரும் ஆபத்தைக் கூட்டும். வெளியே கிடுகால் ஒரு பத்தி இறக்கி, பிரசவத்துக்கு முன்பே அடுப்பை அங்கு மாற்றுங்கள். சாம்பிராணிப் புகையும் வேண்டாம். அம்மம்மாமார் என்னைக் கோபிக்கக்கூடும்.

இரவில் வலி கண்டால்? 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். துணைக்கு யார் என்பதையும் இப்போதே பேசி வையுங்கள். அந்தச் சகோதரியின் மூத்த பிள்ளையைப் பார்க்கப் பக்கத்து வீட்டு மாமி சம்மதித்துவிட்டார். பத்தி போட ஞாயிற்றுக்கிழமை கணவர் வருகிறார்.