பள்ளியின் கடைசி நாளில் நாம் எங்கே?

சேர்வராயன் மலையின் அடிவாரத்தில், வாணியாற்றின் நீரை எதிர்பார்த்து வாழும் வட்டாரம் பாப்பிரெட்டிப்பட்டி. கோடை வெயில் ஏறத் தொடங்கும் நாட்களில் இங்கே இரண்டு காட்சிகளை ஒருசேரக் காணலாம். திண்ணைகளில் குவிந்து கிடக்கும் புளியைத் தட்டிக் கொட்டை நீக்கும் தாய்மார்கள் ஒருபுறம். ஆண்டின் இறுதிப் பருவத்தை முடித்துவிட்டு, தேய்ந்த புத்தகப் பையோடு தெருவை நிறைத்து வரும் பிள்ளைகள் மறுபுறம்.

அதிகாலையில் மக்தபுக்கு ஓதவரும் சிறுவர் சிறுமியரின் முகங்களில் அன்றைக்கு ஒரு தனி மகிழ்ச்சி தெரியும். “ஹஜ்ரத், இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் கடைசி நாள்!” என்று ஓதுவதற்கு முன்பே அறிவித்துவிடுவார்கள். “வீட்டிலிருந்து யார் வருகிறார்கள்?” என்று கேட்டால் மட்டும் குரல் தாழ்ந்துவிடும். “அம்மிக்குப் புளி வேலை இருக்கிறது. அத்தா பெங்களூரிலே இருக்கிறார்” என்பன போன்ற பதில்களே பெரும்பாலும் கிடைக்கும்.

வாசகப் பெருமக்களே! பிழைப்பின் நெருக்கடியை நாம் அறியாதவர்கள் அல்லர். ஆயினும் அந்த ஒரு நாளில் பள்ளிக்குச் செல்லாமல் இருப்பதால் நம் வீடுகள் இழப்பது ஒரு நாள் கூலியைவிடப் பெரியது என்பதைச் சற்றே சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

பருவத்தின் நிறைவு

நாம் படித்த நாட்களில் காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு என மூன்று தேர்வுகள் இருந்தன. ஆண்டு முழுமைக்குமான பாடநூல்களைப் பிள்ளைகள் சுமந்து திரிந்தார்கள். 2012-13ஆம் கல்வியாண்டில் தமிழகத்தில் முப்பருவ முறை வந்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை, ஜனவரி முதல் ஏப்ரல் வரை எனப் பாடமும் பையின் சுமையும் மூன்றாகப் பிரிந்தன. ஒவ்வொரு பருவமும் ஒரு சிறிய முடிவைக் கொண்டுவருகிறது; மூன்றாம் பருவமோ ஆண்டின் முடிவையே கொண்டுவருகிறது.

தொடக்கப் பள்ளியின் ஆண்டு விழாவைக் கண்டவர்களுக்கு அதன் எளிமை தெரியும். மரத்தடியே மண்டபம், இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டால் அதுவே மேடை. மாறுவேடம், ஒப்புவித்தல், சாக்கு ஓட்டம், கரண்டியில் எலுமிச்சம்பழம் ஏந்தி ஓடும் ஓட்டம் என்று நிகழ்ச்சிகள் நடக்கும். பரிசு என்பது ஒரு எவர்சில்வர் டம்ளராகவோ, சோப்பு டப்பாவாகவோ இருக்கும். சத்துணவு சமைத்துப் போட்ட அம்மையாரும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓரமாக நின்று கைதட்டுவார். பரிசு வாங்கும் பிள்ளையின் கண்களோ பரிசளிக்கும் பெரியவரைப் பார்ப்பதில்லை. கூட்டத்தில் தன் தாயையும் தந்தையையும் தேடிக்கொண்டிருக்கும். தேடிய முகம் கிடைக்காத பிள்ளை, “நான் படிப்பது என் வீட்டுக்கு ஒரு பொருட்டன்று” என்ற பாடத்தையும் அன்று சேர்த்தே கற்றுக்கொண்டு வீடு திரும்புகிறது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, அறுபது மாணவர் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்புகளையும் அவ்விருவரே பகிர்ந்து நடத்த வேண்டும். அவர்கள் வீடு வீடாக வந்து ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் பெற்றோரிடம் பேசுவது நடவாத காரியம். நாம்தான் அவர்களைத் தேடிச் செல்ல வேண்டும். அதற்கு வாய்ப்பான நாள் பருவத்தின் கடைசி நாள்.

‘தேறிவிட்டான்’ என்பதன் பொருள்

“மகன் தேறிவிட்டானா?” என்று கேட்பதோடு பல வீடுகளில் விசாரணை முடிந்துவிடுகிறது. தமிழகத்தின் தொடக்க வகுப்புகளில் எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்திவைப்பதில்லை. சிறு வயதிலேயே தோல்வி முத்திரை குத்தப்பட்டுப் பள்ளியை விட்டு ஓடிய பிள்ளைகள் முன்பு ஏராளம் என்பதால், இது நல்ல ஏற்பாடே. ஆனால், அடுத்த வகுப்புக்குச் சென்றான் என்பதால் இந்த வகுப்புப் பாடம் அவனுக்கு வந்துவிட்டது என்று பொருளாகாது.

நம் மக்தபுகளின் வழக்கம் நீங்கள் அறிந்ததே. ஒவ்வொரு பிள்ளையின் சபக்கையும் தனித்தனியே கேட்டு, சரியாக ஓதிக் காட்டிய பிறகே அடுத்த பாடம் கொடுக்கப்படும். அந்தப் பழக்கத்தை வீட்டிலும் கைக்கொள்ளலாம். பருவம் முடியும் நாளில் பிள்ளையை அருகில் அமர்த்தி, தமிழ்ப் பாடநூலில் ஒரு பக்கத்தை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். நூறு ரூபாய் கொடுத்து அறுபத்தேழு ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மீதி எவ்வளவு என்று கேளுங்கள். தாய்க்கு எழுத்து தெரியாவிட்டாலும், பிள்ளை தடையின்றிப் படிக்கிறதா, எழுத்துக் கூட்டித் தடுமாறுகிறதா என்பதைச் செவியே சொல்லிவிடும்.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தமிழகத்தின் எழுத்தறிவு ஏறத்தாழ 80 விழுக்காடாக இருந்தபோது தருமபுரி மாவட்டத்தில் அது 68.5 விழுக்காடே. மாநிலத்தின் மாவட்டங்களுள் அதுவே கடைசி இடம். பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு அறுபது பேரே எழுத்தறிந்தவர்கள். மதிப்பெண் அட்டையில் கைநாட்டு வைத்த தாய்மார் எத்தனை பேர் என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்ததால் பிள்ளைகள் எழுத்தையே மறந்த நிலையைச் சரிசெய்யத்தான் 2022ஆம் ஆண்டில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தை அரசு கொண்டுவந்தது. திட்டம் வகுப்பறையில் நடக்கும். அதன் பலனைச் சோதிக்க வேண்டிய இடம் நம் வீடு.

ஐந்தாம் வகுப்பின் வாசல்

எல்லாப் பிள்ளைகளுக்கும் கடைசி நாள் விடுமுறையின் தொடக்கம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் அது பிரிவு. கையில் மாற்றுச் சான்றிதழோடு வெளியேறும் அவர்கள், ஜூன் மாதத்தில் வேறொரு பள்ளியின் வாசலில் நிற்க வேண்டும். இடையில் வரும் விடுமுறையில்தான் பிள்ளைகள் தொலைந்துபோகிறார்கள். பிழைப்புக்காக வெளியூர் செல்லும் குடும்பத்தோடு சிலர் போய்விடுகிறார்கள். சிறுவர்கள் சிலர் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் ‘சும்மா லீவுக்கு’ அனுப்பப்பட்டு, அங்கேயே தங்கிவிடுகிறார்கள். “நடுநிலைப் பள்ளி தூரம், பெண் பிள்ளை எதற்கு அவ்வளவு தொலைவு?” என்ற கேள்வியோடு சில சிறுமியரின் படிப்பு முடிந்துவிடுகிறது.

சட்டம் இவ்விடத்தில் நமக்குத் துணையாக நிற்கிறது. பதினான்கு வயது வரை கல்வி பெறுவது பிள்ளையின் உரிமை. மாற்றுச் சான்றிதழைத் தலைமையாசிரியர் உடனே வழங்க வேண்டும். அது வரத் தாமதமானாலும் அதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்க இயலாது.

சான்றிதழைப் பெறும்போது கவனிக்க வேண்டிய ஒன்றைக் குறிப்பாக நம் வீட்டாருக்குச் சொல்ல விரும்புகிறேன். நம் பெயர்கள் பலவிதமாக எழுதப்படுகின்றன. முஹம்மது என்பது ஒரு தாளில் முகமதுவாகவும், இன்னொரு தாளில் மொகமத்தாகவும் இருக்கும். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவேடு மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் தலைப்பெழுத்தும் ஒன்றாக இருக்கின்றனவா என்று அந்த இடத்திலேயே பாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பிழை ஏறிவிட்டால், அதைத் திருத்த அலையும் அலைச்சலுக்கு அளவேயில்லை.

எந்தப் பள்ளியில் ஆறாம் வகுப்பு சேர்ப்பது என்பதும் இந்நாளில் எடுக்க வேண்டிய முடிவு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவர்களுக்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020ஆம் ஆண்டில் வந்தது. மறு ஆண்டில் பொறியியல் போன்ற படிப்புகளுக்கும் அது விரிவாக்கப்பட்டது. அவ்வாறே படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் ‘புதுமைப் பெண்’ திட்டம் 2022இல் தொடங்கப்பட்டது. ஐந்தாம் வகுப்பு முடிந்த அன்று எடுக்கும் முடிவு, ஏழாண்டுகளுக்குப் பின் கல்லூரி வாசல்வரை வருகிறது.

ஊரார் வளர்த்த பள்ளிகள்

பள்ளி அரசாங்கத்துடையது, நமக்கென்ன என்று ஒதுங்குவோர் சற்று முந்தைய வரலாற்றைப் பார்க்க வேண்டும். பெருந்தலைவர் காமராசர் காலத்தில், 1956இல் மதிய உணவு தொடங்கியபோது, ஊரார் தந்த அரிசியும் காய்கறியும் நன்கொடையுமே அதற்கு அடித்தளமாயின. அப்போதைய கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு அவர்கள் முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் 1958இல் கடம்பத்தூரில் தொடங்கி, ஊர் ஊராகப் பரவின. ஒருவர் கடிகாரம் தந்தார். ஒருவர் கரும்பலகை தந்தார். வசதியுள்ளவர் கட்டடமே எழுப்பித் தந்தார். 1982இன் சத்துணவுத் திட்டமும், 2022இன் காலை உணவுத் திட்டமும் அந்த வழியில் வந்தவையே.

கல்விக்காகச் சமூகம் பொறுப்பேற்பது நமக்கும் புதிதன்று. பத்ருப் போரில் பிடிபட்ட கைதிகளுள், மீட்புத்தொகை செலுத்த வசதியற்ற, எழுதத் தெரிந்தவர்கள் மதீனத்துச் சிறுவர்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்து விடுதலை பெற்றதை நாம் அறிவோம். கற்பிப்பவர் யார் என்று நபிகளார் (ஸல்) பார்க்கவில்லை. பிள்ளைகள் கற்க வேண்டும் என்பதையே பார்த்தார்கள்.

1 முதல் 8 வரையுள்ள வகுப்புகளின் சிறுபான்மை மாணவர்களுக்கு வழங்கிவந்த கல்வி உதவித்தொகையை மைய அரசு 2022 நவம்பரில் நிறுத்திவிட்டது. ஜமாஅத்துகள் ஜூன் மாதத்துக்கு முன்பே தம் மஹல்லாவில் ஐந்தாம் வகுப்பை முடித்த பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை எடுத்து, அவர்கள் அனைவரும் ஆறாம் வகுப்பில் சேர்ந்துவிட்டார்களா என்று விசாரித்தாலே பாதிக் கடமை நிறைவேறிவிடும். பையும் காலணியும் இல்லாதவருக்கு வாங்கிக் கொடுத்தால் மீதிப் பாதியும் நிறைவேறும்.

தாய்மார்களுக்கு ஒரு சொல்

பள்ளி மேலாண்மைக் குழுவின் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் விதி. கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா, சுற்றுச்சுவர் உள்ளதா, ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடக்கிறதா என்று கேட்கும் உரிமை அக்குழுவுக்கு உண்டு. தன் மகளைத் தொலைவான பள்ளிக்கு அனுப்பத் தயங்கும் தாய், அத்தயக்கத்தைச் சொல்லிப் பேருந்து வசதி கேட்க வேண்டிய இடமும் அதுவே. வீட்டுக்குள் சொல்லி வருந்தினால் மகளின் படிப்பு நிற்கும். குழுவில் எழுந்து சொன்னால் ஊரே அதற்கு வழி தேடும்.

ஆகவே சகோதரிகளே, அடுத்த பருவம் முடியும் நாளில் புளிக்கூடையை ஒரு மணி நேரம் ஓரமாக வையுங்கள். வெளியூரில் இருக்கும் தந்தையர் இயலுமானால் ஒரு நாள் விடுப்பு எடுத்து வாருங்கள். இயலாவிட்டால் பாட்டனாரையோ மாமாவையோ அனுப்புங்கள். பரிசு வாங்கும் பிள்ளைக்கு மட்டுமன்று, எந்தப் பரிசும் கிடைக்காமல் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கும், தனக்காக ஒருவர் வந்திருக்கிறார் என்ற நிறைவு வேண்டும்.

அடுத்த முறை ஓதவரும் பிள்ளைகளிடம் “இன்றைக்கு வீட்டிலிருந்து யார் வருகிறார்கள்?” என்று நான் கேட்கும்போது, “எல்லாரும் வருகிறார்கள், ஹஜ்ரத்!” என்ற பதிலைக் கேட்க வேண்டும். வல்ல இறைவன் அதற்கு அருள்புரிவானாக!