மருந்து வடிக்கும் உயிரணு

நம் உடலுள் நோய்க்கிருமி புகுமாயின், அதனை இனங்கண்டு பற்றிக்கொள்ளும் புரதங்கள் குருதியில் தோன்றுகின்றன. இவற்றை எதிர்ப்பொருள்கள் என்பர். புற்றுநோய் சிலவற்றுக்கு இன்று எதிர்ப்பொருளே மருந்தாகவும் அளிக்கப்படுகிறது. 1997-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ரிடுக்சிமாப் அத்தகையது. ஒரு முறை செலுத்துவதற்கே அதில் அரைக் கிராமுக்கு மேல் வேண்டியிருக்கும்.

இம்மருந்தை ஆக்கித் தருவது யாது? சீனத்து ஹாம்ஸ்டர் என்னும் சிற்றெலியின் சூலகத்து உயிரணுவே. 1957-இல் அமெரிக்க அறிஞர் தியோடர் பக் அதனைப் பிரித்தெடுத்து வளர்த்தார். அவ்வெலி மாய்ந்து நெடுங்காலம் ஆயிற்று. அதன் உயிரணுக்களின் வழித்தோன்றல்களோ எஃகுக் கலங்களில் இன்றும் பெருகி வருகின்றன. ஆயினும் 1980-களின் நடுவில், இத்தகைய வளர்ப்பில் லிட்டருக்கு ஏறத்தாழ 50 மில்லிகிராம் புரதமே கிடைத்தது. விளைச்சலைப் பெருக்குவது எங்ஙனம்?

உரிய மரபணு உயிரணுவினுள் பல படிகளாக இருத்தல் வேண்டும் என்பது முதல் விடை. இதற்கு அறிஞர் கையாண்ட சூழ்ச்சி வியப்புக்குரியது. 1980-இல் ஊர்லாப், சேசின் என்னும் இருவர், வாழ்வுக்கு இன்றியமையாத நொதி ஒன்றை இழந்த உயிரணு வகையைக் கண்டனர். பின்வந்தோர் அந்நொதியின் மரபணுவோடு எதிர்ப்பொருளின் மரபணுவையும் சேர்த்து அதனுள் புகுத்தினர். பின்னர், நொதியை முடக்கும் மெதோட்ரெக்சேட்டு என்னும் மருந்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினர். நொதி மரபணுவைப் பன்மடங்கு பெருக்கிக்கொண்ட உயிரணுக்களே பிழைத்தன. அருகிருந்த எதிர்ப்பொருள் மரபணுவும் உடன் பெருகிற்று!

அவ்வளவில் அமையுமோ? அமையாது. எதிர்ப்பொருள் ஒவ்வொன்றும் கனச்சங்கிலி இரண்டும் மென்சங்கிலி இரண்டும் கூடியது. கனச்சங்கிலி பொதுவாகத் தனித்து வெளியேறாது. பிப் என்னும் காவற்புரதம் உயிரணுவின் உள்வலையில் அதனைப் பற்றி நிறுத்தும். மென்சங்கிலி வந்து கூடிய பின்னரே பிடி தளரும். பாவு எத்துணை நீண்டிருப்பினும் ஊடை நூல் இன்றேல் ஆடை ஏது? மென்சங்கிலி குறைந்தால் கனச்சங்கிலி வீணே தேங்கும், உயிரணுவும் நலியும். ஆதலின் மென்சங்கிலி சற்று மிகுதியாகவே தோன்றுமாறு அமைப்பர்.

வெப்பமும் ஒரு காரணம். 37 பாகையில் வளர்ந்தவற்றை 33 பாகை அளவிற்குத் தணித்தால், அவை பெருகுவதைக் குறைத்து, பல வேளைகளில் முன்னினும் மிகுதியாக எதிர்ப்பொருளை வடிக்கின்றன.

இன்று லிட்டருக்குச் சில கிராம் கிடைக்கிறது. இவ்வுயர்வில் ஊட்டக்கரைசலைத் திருத்தியமைத்ததன் பங்கு பெரிது. சர்க்கரை குறைந்தால் உயிரணு வாடும். மிகுந்தாலோ லாக்டிக் அமிலம் தேங்கி வளர்ச்சியைத் தடுக்கும். அதனால் நாடோறும் அளந்தே ஊட்டுகின்றனர்.