பிளாஸ்டிக்கால் இயங்கும் விண்கலம்

சிறு செயற்கைக்கோள்கள் பல, தமக்கெனத் தனி ராக்கெட் உடையன அல்ல. பெரியதொரு செயற்கைக்கோளைச் சுமந்து செல்லும் ராக்கெட்டில் எஞ்சிய இடத்திலேயே அவை ஏறிச் செல்கின்றன. அழுத்தம் மிகுந்த வாயுவோ தீப்பற்றும் திரவமோ அவற்றினுள் இருப்பின், பெரிய கலத்திற்கு உரியோர் அஞ்சுவது இயல்பே. ஆதலால் பல சிறு கலங்கள் உந்துபொறி இன்றியே அனுப்பப்படுகின்றன. தாழ்ந்த பாதையில் செல்பவை, அங்குள்ள மிக மெல்லிய காற்றின் தடையால் நாளடைவில் கீழிறங்கி எரிந்தொழிகின்றன.

இக்குறையைக் குறைந்த செலவில் போக்க வல்லது துடிப்புப் பிளாஸ்மா உந்துபொறி. இதன் உந்துபொருள் டெப்லான் என்னும் திண்மப் பிளாஸ்டிக். 1938-ஆம் ஆண்டில் அமெரிக்க வேதியியல் அறிஞர் ராய் பிளங்கெட், குளிர்பதனத்திற்கான வாயுவை ஆராய்ந்து வந்தார். வாயு நிரப்பிய உருளை ஒன்றிலிருந்து ஏதும் வெளிவராமை கண்டு, அதனை அறுத்துப் பார்த்தபோது வெண்ணிறப் பொடி காணப்பட்டது. அதுவே டெப்லான். உணவு ஒட்டாத வாணலியில் பூசப்படுவதும் இதுவே!

இப்பொறியில் இரண்டு உலோகத் தகடுகளுக்கு இடையே டெப்லான் கட்டி பொருத்தப்பட்டிருக்கும். கதிரவன் ஒளியினின்று பெற்ற மின்சாரம் மின்தேக்கியில் சேமிக்கப்படும். சிறு மின்பொறி ஒன்று எழுந்தவுடன், சேர்ந்த மின்சாரம் கட்டியின் முகப்பின்மீது ஒரே வீச்சில் பாயும். முகப்பின் மெல்லிய படலம் ஆவியாகி, மின்னேற்றம் பெற்ற பிளாஸ்மாவாக மாறும். அம்மின்னோட்டமே தோற்றுவிக்கும் காந்தப்புலம் பிளாஸ்மாவைப் பெரு விரைவுடன் வெளியே எறிய, கலம் எதிர்த்திசையில் உந்தப்படும். தேய்ந்த அளவிற்குக் கட்டியைச் சுருள்வில் முன்னே தள்ளும். தொட்டி, குழாய், வால்வு ஆகியன வேண்டுவதில்லை. மலிவிற்குக் காரணம் இதுவே.

1964-இல் செவ்வாயை நோக்கிச் சென்ற சோவியத் நாட்டின் சோண்டு-2 கலத்தில் இத்தகைய மின் உந்துபொறிகள் முதன்முதலாக இடம்பெற்றன. டெப்லானைக் கொண்ட பொறிகள் 1968-இல் அமெரிக்காவின் எல்.இ.எஸ்.-6 செயற்கைக்கோளில் பறந்தன. அவற்றின் ஒரு துடிப்பு தந்த உந்தம், ஒரு கிலோகிராம் கலத்தின் வேகத்தை வினாடிக்கு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கே கூட்டவல்லது. ஒரு துடிப்பு அற்பமே; ஓர் இலட்சம் துடிப்புகள் சேரின், வேகம் வினாடிக்கு இரண்டரை மீட்டர் கூடும்.

குறைகளும் இல்லாமல் இல்லை. செலுத்திய மின்னாற்றலில் பெரும்பகுதி வீணாகிறது. மின்வீச்சு போதாதபோது கட்டியின் முகப்பில் கரி படிகிறது. பிளாஸ்மா கருவிகளை மாசுபடுத்துமோ என்ற ஐயமும் இருந்தது. 2002-இல் நாசாவின் இ.ஓ.-1 செயற்கைக்கோளில் ஓர் அச்சின் நிலையைக் காக்கும் பணி இப்பொறியிடமே ஒப்படைக்கப்பட்டது. கலம் நிலை பிறழவில்லை. அது எடுத்த புவிப்படங்களும் கெடவில்லை.