குடோனில் சரக்கு இருந்தும் ஆர்டர் கைநழுவுவது ஏன்? கருவாடு குழுக்களுக்கான ஒதுக்கீட்டு முறை

காட்டுப்பள்ளி, பழவேற்காடு பக்கம் கருவாடு போட்டு விற்கும் குழுவினர் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "கம்ப்யூட்டர்ல 150 கிலோ இருப்புன்னு காட்டுது சார், ஆனா கடைக்காரர் கேட்டதைக் கொடுக்க முடியல. எப்படி?" கணக்கில் தவறு இருக்காது. எந்த மூட்டை யாருக்கு என்று முன்கூட்டியே ஒதுக்காததுதான் காரணம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இன்று மார்ச் 1. உங்கள் குடோனில் நெத்திலிக் கருவாடு மூன்று லாட்டாக இருக்கிறது. ஜனவரி 10-ல் கட்டியது 40 கிலோ, பிப்ரவரி 2-ல் கட்டியது 60 கிலோ, பிப்ரவரி 20-ல் கட்டியது 50 கிலோ. வழக்கமாக மூன்று மாதக் கெடு வைக்கிறீர்கள். ஆனால் இரண்டாவது லாட் காய்ந்த நாட்களில் மேகமூட்டம். சரியாகக் காயவில்லை என்று அதற்கு இரண்டு மாதம்தான் கொடுத்தீர்கள். அப்படியானால் கெடு தேதிகள் முறையே ஏப்ரல் 10, ஏப்ரல் 2, மே 20.

இரண்டு ஆர்டர்கள் வருகின்றன. பொன்னேரிக் கடைக்கு 70 கிலோ. அவர்கள் ஒரு வாரத்தில் விற்றுவிடுவார்கள். சென்னை மொத்த வியாபாரிக்கு 60 கிலோ. குறைந்தது இரண்டு மாதக் கெடு மீதி இருக்க வேண்டும் என்கிறார். மொத்தம் 130 கிலோதானே, 150 இருக்கிறதே என்று இரண்டுக்கும் சரி சொல்லிவிடுகிறீர்கள்.

குடோனுக்குப் போகும் பையன் கைக்கு எட்டியதைத்தான் எடுப்பான். கடைசியாக அடுக்கியது முன்னால் இருக்கும். பொன்னேரிக்கு மூன்றாவது லாட் 50 கிலோ முழுவதையும், இரண்டாவதில் 20 கிலோவையும் ஏற்றிவிடுகிறான். இனி 80 கிலோ மீதி இருக்கிறது, ஆனால் சென்னைக்காரர் கேட்ட தரத்தில் ஒரு கிலோகூட இல்லை. நான் பார்த்த ஒரு குழு இப்படித்தான் ஒரு நல்ல வாடிக்கையாளரை இழந்தது. பின்வரிசையில் மறந்துபோன மூட்டைகள் மழைக்காலத்தில் ஈரம் இழுத்து, வண்டு விழுந்து, கோழித் தீவனத்துக்குப் போயின.

சரியாக ஒதுக்கினால் என்ன ஆகும்? நிபந்தனை கடுமையாக உள்ள ஆர்டரை முதலில் பாருங்கள். சென்னைக்குத் தகுதியானது மூன்றாவது லாட் மட்டுமே. அந்த 50 கிலோவையும் அவருக்கு ஒதுக்கி, 10 கிலோ குறைவதை இன்றே போனில் சொல்லிவிடுங்கள். பொன்னேரிக்கு முதலில் கெடு முடியும் இரண்டாவது லாட் 60 கிலோ, மேலே முதல் லாட்டிலிருந்து 10 கிலோ. மீதி, முதல் லாட்டில் 30 கிலோ. அதைச் சந்தையில் சில்லறைக்கு விடலாம்.

கவனியுங்கள், முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்ற பழைய விதியை இங்கே அப்படியே பின்பற்றவில்லை. முதலில் கெடுவது முதலில் போக வேண்டும் என்பதே உணவுப் பொருளுக்குப் பொருந்தும். பொன்னேரி வட்டாரத்தில் விதை நெல் விற்பவர்களுக்கும் இதுதான். சான்று விதைக்கு முதல் செல்லுபடிக் காலம் 9 மாதம். அதில் எந்த மூட்டைக்கு நாள் குறைவோ அதுவே முதலில் வெளியேற வேண்டும்.

மென்பொருளில் மூன்று எண்களைப் பிரித்துப் பாருங்கள்: கையிருப்பு, ஒதுக்கியது, விற்கக் கிடைப்பது. சோஹோ இன்வென்டரி போன்றவற்றில் இவை தனித்தனியாகவே தெரியும். டாலியில் பேட்ச் வசதியை இயக்கினால் ஒவ்வொரு லாட்டுக்கும் தயாரித்த தேதியும் கெடு தேதியும் பதியலாம். போனில் யாராவது கேட்டால் மூன்றாவது எண்ணைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். அந்த எண்ணையும் லாட் வாரியாகப் பார்ப்பது நல்லது; மேலே சொன்ன உதாரணத்தில் மொத்தக் கணக்குப்படி 20 கிலோ மீதி, உண்மையிலோ ஒருவருக்கு 10 கிலோ குறைவு, இன்னொரு பக்கம் 30 கிலோ தேக்கம். மென்பொருள் தானாகச் சரியான லாட்டை எடுத்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள். பல இடங்களில் அது கேட்கும்போது நீங்கள்தான் தேர்வு செய்ய வேண்டும். மென்பொருள் இல்லையென்றால் நோட்டுப் புத்தகத்தில் மூன்று கட்டம் போட்டாலும் போதும்.

லாட் எண் திரையில் மட்டும் இருந்தால் பயனில்லை. ஒவ்வொரு மூட்டையிலும் அட்டை கட்டி, எண்ணையும் கெடு தேதியையும் பெரிதாக எழுதுங்கள். எடுக்க வேண்டிய பட்டியலில் "நெத்திலி 70 கிலோ" என்று எழுதாமல், எந்த லாட்டில் எத்தனை கிலோ என்று எழுதிக் கொடுங்கள். காட்டுப்பள்ளித் துறைமுகம் போன்ற இடங்களில் கண்டெய்னரை அடுக்கும்போதே எது முதலில் வெளியே போகும் என்று பார்த்துத்தான் வைப்பார்கள். உங்கள் குடோனில் கெடு நெருங்கியதை முன்வரிசைக்கு நகர்த்த அரை மணி நேரம் போதும்.

முன்பணம் தராத ஆர்டருக்கு ஒதுக்கியதை எத்தனை நாள் பிடித்து வைப்பது என்பதில்தான் குழுக்களுக்குள் சண்டை வருகிறது. ஏரியில் பாடு முறைப்படி யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று சீட்டுப் போட்டு முடிவு செய்து பழகிய ஊர்க்காரர்கள் நீங்கள்; குடோனுக்கும் அப்படி ஒரு விதியைக் கூட்டத்தில் பேசி எழுதி வையுங்கள். என் யோசனை இரண்டு நாள். அதற்குள் பணம் வரவில்லையென்றால் ஒதுக்கீட்டை நீக்கி, அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம். நீக்கியதை மென்பொருளிலும் அன்றே நீக்க வேண்டும். இல்லையென்றால் விற்காத சரக்கு விற்றதாகவே நின்றுவிடும்.

கருவாடு காய்ந்து எடை குறையும், ஈரம் இழுத்துக் கூடவும் செய்யும். அதனால் மாதம் ஒருமுறை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாரம் ஒருமுறை, தராசில் வைத்து நிறுத்துப் பார்த்துக் கணக்கைத் திருத்துங்கள். அப்போதே பூஞ்சையோ செந்நிறமோ படர்ந்த மூட்டை இருந்தால் தனியாக ஒதுக்கி, விற்பனை இருப்பிலிருந்து கழித்துவிடுங்கள்.