தவில் கற்ற ஜாஸ் கலைஞர்

மட்டக்களப்பு வாவிக்கரையில் அண்ணாவியாரிடம் மத்தளம் பயிலும் மாணவர் சிலர், 'நம் தாளம் ஊர் எல்லையைத் தாண்டுமோ?' என ஐயுறுவர். அவர்களுக்கு நாம் எடுத்துக்காட்டக் கூடியவர் ரமேஷ் ஷோத்தம்.

1948ஆம் ஆண்டு சென்னையில் பிறந்த இவர் முதலில் கைக்கொண்டது மேனாட்டு டிரம்ஸ் வாத்தியமே. எழுபதுகளில் சகோதரர் சுரேஷுடன் 'ஹியூமன் பாண்டேஜ்' என்னும் ராக் குழுவில் வாசித்தார். மேடை கண்ட அக்கலைஞர், பின்னர் பெங்களூரிலுள்ள கர்நாடகத் தாளவாத்தியக் கல்லூரியில் மாணவராய் அமர்ந்து தவில் பயின்றார். டிரம்ஸில் கைகளோடு கால்களும் உழைக்கும். தவிலிலோ ஒரு கையில் கழி, மறு கை விரல்களில் கூடுகள். பழகிய கைக்கு அது புதுப் பாடமன்றோ! கடம், கஞ்சிரா, மோர்சிங் ஆகியவற்றையும் அவர் கற்றார்.

ஜேர்மனியின் கொலோன் நகரில் குடியேறிய பின் அக்கல்வியே அவருக்குக் கைகொடுத்தது. ஐந்தாகவும் ஏழாகவும் எண்ணும் நம் கண்ட, மிசிர நடைகள் ஜாஸ் கலைஞர்க்குப் புதுமை விருந்தாயின. லெபனான் நாட்டு ஊத் வாத்தியக் கலைஞர் ரபி அபூ கலீல் 1992இல் வெளியிட்ட 'புளூ கேமல்' இசைத்தட்டில், சாக்சபோன் மேதை சார்லி மரியானோவுடன் ஷோத்தமின் தென்னிந்திய வாத்தியங்களும் ஒலிக்கின்றன. 'மெட்ராஸ் ஸ்பெஷல்' என்று தம் குழுவுக்கும் பிறந்த ஊரின் பெயரையே சூட்டினார்.

தாள வாத்தியக்காரரின் பெயர் பாடகரின் பெயர்போல் பரவுவதில்லை. ஆயினும் உலக மேடையில் அவருக்கு இடம் தேடித் தந்தது நம் மண்ணின் தோற்கருவியே. மத்தளம் பயிலும் இளைஞர் இதனை நினைவிற் கொள்வாராக.