மறைக்க வேண்டாத ஒரு வரி

அமெரிக்காவில் தன்பாலீர்ப்பாளரும் திருநருமான வக்கீல்களுக்காக 1988-ஆம் வருஷம் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில் ஆரம்பமான மகாநாட்டுக்கு ‘லாவெண்டர் லா’ என்று பெயர். இப்போது அங்கே விவாதங்களோடு உத்தியோகச் சந்தையும் நடைபெறுகிறது.

இதில் என்ன விசேஷம் என்று நேயர்கள் கேட்கலாம். சட்ட மாணவர் ஒருவர், தம்மைப் போன்றோர் சங்கத்தில் காரியதரிசியாயிருந்ததை வேலை விண்ணப்பத்தில் எழுதுவதா, மறைப்பதா? எழுதினால் வேலை கைநழுவலாம். மறைத்தால் செய்த தொண்டே இல்லையென்றாகும். 1964-ஆம் வருஷத்துச் சிவில் உரிமைச் சட்டம் உத்தியோகத்தில் இவர்களையும் காக்கும் என்று சுப்ரீம் கோர்ட்டு, 6-க்கு 3 என்ற கணக்கில், தீர்ப்பளித்தது 2020-இல்தான். தீர்ப்பு வந்தவுடன் அச்சம் அகன்றுவிடுமா?

இச்சந்தையிலோ அந்த வரியை அழிக்க வேண்டியதில்லை. வேலை கொடுப்போர் அறிந்தே வருகின்றனர்; ஆகவே பேச்சு சட்ட ஞானத்தைப் பற்றியே நிகழ்கிறது. வக்கீலாகப் போகிறவர் வேண்டுவதும் அதுவே அன்றோ?