மனைவியை அடித்த குற்றமும் தண்டனை அளவும்

மலேசியாவில் குடும்ப வன்முறைச் சட்டம் 1994இல் இயற்றப்பெற்று 1996இல் நடைமுறைக்கு வந்தது. மனைவியை அடித்தவன் அச்சட்டத்தின்படியே சிறை செல்கின்றான் எனப் பலர் கருதுவர். அஃது அன்று. அச்சட்டம் அடிபட்டவளுக்குக் காப்பாணை அளிக்கின்றது. அடித்த குற்றத்திற்குச் சிறையை அளப்பது தண்டச் சட்டமே.

அவ்வளவு காயத்திலிருந்து தொடங்குகின்றது. ஜார்ஜ் டவுன் நீதிமன்றத்தில் கணவனொருவன் குற்றக் கூண்டில் நிற்கின்றான் எனக் கொள்வோம். வெறுங்கையால் அறைந்திருந்தால் 323ஆம் பிரிவு. ஓராண்டு வரை சிறை. (1860இல் இந்தியாவுக்கென எழுதப்பட்ட சட்டத்தின் வழிவந்த எண் இது; தமிழ்நாட்டிலும் 2024 வரை இதுவே வழங்கியது.) கத்தியால் கீறினாலோ, கொதிக்கும் எண்ணெயை ஊற்றினாலோ 324ஆம் பிரிவு, 10 ஆண்டு வரை. எலும்பு முறிந்தால் அது கொடுங்காயம். 325ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை. மருத்துவர் அறிக்கையின் ஒரு வரியே பிரிவை மாற்றிவிடும். உடனே மருத்துவமனைக்குச் செல்லாத பெண்ணின் வழக்கு மெலிவது இதனாலேயே.

இதன்மேல் பின்னர் 326ஏ என்னும் பிரிவு சேர்ந்தது. அடிபட்டவர் மனைவியோ கணவனோ ஆயின், மணமுறிவுக்குப் பின்னும், சிறையின் மேல்வரம்பு இருமடங்காகும். ஓராண்டு 2 ஆகும். 7 ஆண்டு 14 ஆகும்.

மேல்வரம்பு வேறு, விதிக்கப்படும் தண்டனை வேறு. குற்றத்தை ஒப்புக்கொண்டான், முதற்குற்றம், குடும்பத்துக்கு உழைப்பவன் இவனே என்று வழக்கறிஞர் வேண்டுவார். மனைவியே வந்து மன்னிப்புக் கேட்பதும் உண்டு. பிள்ளைகளின் சோறு அவன் சம்பளத்தில் இருக்கின்றதே! சிறைக்குப் பதில் அபராதம் விதித்தாலோ, பல வீடுகளில் அப்பணம் அடிபட்டவளின் சமையலறையிலிருந்தே போகின்றது. தமிழில் 'தண்டம்' என்னும் ஒரே சொல் தண்டனைக்கும் அபராதத்துக்கும் வீண்செலவுக்கும் வழங்குவதை ஆசிரியர்கள் இங்கு எண்ணிப் பார்க்கலாம்.

தீர்ப்புக்கு முன் பேச அவளுக்கும் உரிமையுண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 183ஏ பிரிவின்படி, அவள் கேட்டுக்கொண்டால், அக்குற்றத்தால் தனக்கு நேர்ந்ததை நீதிபதி முன் கூறலாம். இதனை அறியாத பெண்கள் பலர். பினாங்கில் 1985இல் தோன்றிய மகளிர் மாற்ற மையம் இத்தகையோர்க்கு நீதிமன்றத்தில் துணை நின்று வருகின்றது.

காப்பாணையை மீறுதல் தனிக்குற்றம். முதன்முறை 2,000 ரிங்கிட் அபராதத்தோடு தப்பலாம். இரண்டாம் முறை சட்டம் கீழ்வரம்பும் இடுகின்றது: குறைந்தது 72 மணி நேரச் சிறை, மிகுந்தால் 2 ஆண்டு.